வருத்தம் பார்க்க வந்தவர்கள்

வேலிப் படலை கிறீச்சிடும் சத்தம் கேட்டால் ஆழ்வாப்பிள்ளை எழுந்துபோய்க் கட்டிலில் படுத்துவிடுவார். சாய்மனைக் கதிரையில் இருந்தாலும் சரி, கிணற்றடியில் நின்றாலும் சரி, சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாலும் சரி. சாரத்தை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, போர்வையை நெஞ்சுவரை ஏற்றிக்கொள்வார். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் நோயாளியாகக் கிடப்பார்.

மயிலிட்டியில் வருத்தம் பார்க்கப் போவதற்கு ஒரு முறை இருந்தது. தோய்த்த உடுப்பு உடுத்து, தோடம்பழமோ பிஸ்கட்டோ கொண்டு, வெயில் தாழப் போகவேண்டும். நோயாளி படுத்திருக்கவேண்டும். "எழும்பாதை, எழும்பாதை" என்று சொல்லத்தான் வந்தவர்கள் வாயைத் திறப்பார்கள். எழுந்து நிற்கிற மனிதனிடம் அதை எப்படிச் சொல்வது? வந்தவருக்கும் கூச்சம், வீட்டாருக்கும் கூச்சம். பஸ் ஏறி வந்தவர் வீண் அலைச்சல் பட்டதாக நினைத்துக்கொள்வார்.

ஆழ்வாப்பிள்ளைக்கு இரண்டு வள்ளங்கள். கரையில் அவரைச் சம்மாட்டியார் என்பார்கள். மாசியில் தொடங்கிய இருமல் சித்திரையில் இரத்தமாக வந்தது. நெஞ்சைப் படம் பிடித்தார்கள். கொழும்புக்கு அனுப்பினார்கள். இடது சுவாசப்பையில் கட்டி இருந்தது. அந்தச் சுவாசப்பையில் பாதியை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை, கட்டி என்றார்கள். சுருட்டால் வந்தது என்று டாக்டர் சொன்னதையும் ஒருவரும் ஊருக்குக் கொண்டுவரவில்லை. ஊரில் எல்லோர் வாயிலும் சுருட்டு இருந்தது.

திரும்பி வரும் நாளில் வார்ட்டுத் தாதி, எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் கொக்குவில் பிள்ளை, ஆழ்வாப்பிள்ளையின் மனைவி மகாதேவியைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, வீட்டை போய் இவரைப் படுக்க விடாதேங்கோ. அடிக்கடி எழுப்பி நடத்துங்கோ. கிடந்தால் காலுக்குள்ளை ரத்தம் கட்டிப்போகும். இந்த வருத்தக்காரருக்கு லேசிலை கட்டும். ஒப்பிறேசன் செய்தபடியால் இன்னும் லேசு. அந்தக் கட்டின ரத்தம் மேலை ஏறி மிச்சச் சுவாசப்பையை அடைச்சால் ஒண்டும் செய்யேலாது. ஒப்பிறேசனுக்குத் தப்பி வந்தவை இதுக்குத் தப்பாமல் போனதைக் கண்ணாலை கண்டிருக்கிறன்."

"நடந்தால் தையல் பிரியாதோ பிள்ளை?"

"பிரியாது. கால் வீங்கினால் மட்டும் நிண்டு யோசியாதேங்கோ. உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

மகாதேவி ரயிலில் வரும்போது இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தாள். ஒரே மகள் முல்லைத்தீவில், பிள்ளைப்பேற்றுக்கு நாள் பார்த்திருந்தாள். வீட்டில் தான் ஒருத்திதான் இதைச் செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. செய்வதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்றும் நினைத்தாள்.

வருத்தம் பார்க்க வருகிறவர்களை அவள் நினைக்கவில்லை.

வந்த அன்றே வந்தார்கள். மறுநாள் வந்தார்கள். ஊறணியிலிருந்து வந்தார்கள், பலாலியிலிருந்து வந்தார்கள். கிழிந்த வலை பொத்துகிறவர்கள், ஐஸ் லொறிக்காரன், கோயில் ஐயர், கடன் பேசி முகம் முறித்த மச்சான்மார். பக்கத்து வளவுப் பூரணம் வேறு அலுவல் இல்லாதபோதெல்லாம் வந்தாள்.

"எழும்பாதை ராசா, கிட. என்னெண்டு இருக்குது?"

"இருக்கிறன் பூரணமக்கா."

"முகம் வத்திப்போச்சு. கொழும்புத் தண்ணி. என்ரை தமையன்காரனும் இப்பிடித்தான், போகேக்கை தூண் மாதிரிப் போனவர்."

"அவர் இப்ப எப்பிடி?"

"அவர் செத்து ஏழு வருஷம்."

ஆழ்வாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். பூரணம் மர வாங்கில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மகாதேவி தேத்தண்ணிப் பேணியோடு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நடக்கிற நேரமெல்லோ. எழும்பி ஒருக்கால் கிணத்தடிக்குப் போட்டு வாங்கோவன்."

"ஆக்கள் இருக்கினம்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"நான் ஆளோ? நான் பக்கத்து வளவு" என்றாள் பூரணம். ஆனால் எழும்பவில்லை.

பகலில் ஏலாது என்று கண்டு, மகாதேவி விடியப்புறத்தைப் பிடித்துக்கொண்டாள். கரையில் வள்ளங்கள் வந்து சேரும் நேரம். ஊர் முழுக்க அங்கே நிற்கும். அவரை எழுப்பி, கிணற்றிலிருந்து படலைவரை, படலையிலிருந்து மாட்டுக் கொட்டில்வரை நடத்தினாள். அவர் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சோளகக் காற்றுத் தொடங்கியிருந்தது. பனை வடலிகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. மூச்சு வாங்கும்போது நின்று, வேலிக்கு மேலால் தெரிந்த கடலைப் பார்ப்பார்.

"தில்லைநாதன் இண்டைக்கு வள்ளத்தை எந்தப் பக்கம் கொண்டுபோனவனாம்?"

"நடந்துகொண்டு கேளுங்கோ."

"ஒரு கேள்விக்கும் நிக்க விடமாட்டாய்."

"மாட்டன்."

இதை வேலிக்கு மேலால் பூரணம் கண்டாள். கண்டது அன்று மத்தியானத்துக்குள் இரத்தினம்மாவின் காதுக்குப் போய்விட்டது.

இரத்தினம்மா ஆழ்வாப்பிள்ளையின் தமக்கை. தாய் செத்தபின் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புருசன் கடலில் போனபின் பின்வளவில் தனியே இருந்தாள். ஊரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் பூசி உடம்பு உருவிவிடுவது அவள்தான். வலை இழுத்து நரம்பு பிடித்த ஆண்களும் அவளிடம்தான் காலை நீட்டுவார்கள். தம்பி கொழும்பால் வந்த நாளிலிருந்து, யன்னலைச் சாத்துவதும், சரக்குத்தூள் இடிப்பதும், பால்சுறாப் பத்தியக்கறி வைப்பதும் அவள் பொறுப்பாக இருந்தது.

அவள் பின்வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தபோது மகாதேவி சூடை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். இரத்தினம்மா எதிரே குந்தியிருந்து, தானும் மீனை எடுத்துக் குடலை உருவத் தொடங்கினாள்.

"மகாதேவி, ஊர் என்ன கதைக்குது தெரியுமோ?"

"ஊர் எப்பவும் கதைக்கும் மச்சாள்."

"மனிசனை விடியவெள்ளாப்பிலை செக்குமாடு மாதிரிச் சுத்தவிடுறாளாம். பூரணம் ஐஸ் லொறிக்காரனுக்கும் சொல்லிப்போட்டாள்."

"லொறிக்காரனுக்கு ஏன் அது?"

"அவன் கேட்டவனாம், சம்மாட்டியார் எப்பிடி எண்டு." இரத்தினம்மா ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "பிள்ளை பெத்தவளையே முப்பத்தொண்டாம் நாள் கழியாமல் வெளியிலை விடுறேல்லை. உவன் நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறான். பச்சை உடம்பு. சோளகம் வேறை. காத்து உள்ளுக்கை போனால் ஆர் பதில் சொல்லுறது?"

"காத்து உள்ளுக்கை போகத்தானே வேணும் மச்சாள். மூச்சு எண்டு அதைத்தானே சொல்லுறது."

"பகிடி விடாதை."

"பகிடி இல்லை. மிஸ்ஸி சொல்லிவிட்டவா. படுத்தால் காலிலை ரத்தம் கட்டுமாம். கட்டி நெஞ்சுக்கு ஏறுமாம். ஏறினால் ஆள் தப்பாதாம்."

"ஓடுற ரத்தம் என்னெண்டு கட்டும்? வெட்டினால் கட்டும், அது சரி. தோலுக்குள்ளை கிடக்கிறது ஏன் கட்டுது?"

மகாதேவி உப்புச் சிரட்டையைக் கிட்ட இழுத்தாள். மிஸ்ஸி சொன்னதுக்கு மேல் அவளிடம் ஒரு சொல்லும் இல்லை.

"எனக்கு அது தெரியாது. நடத்தச் சொன்னவா. நடத்துறன்."

"நான் இடுப்பிலை தூக்கித் திரிஞ்ச பிள்ளையடி."

"எனக்கும் அவர் வேணும் மச்சாள்."

இருவரும் மீதி மீனையும் வெட்டி முடித்தார்கள். உப்புப் போட்ட மீனை இரத்தினம்மாவே கொண்டுபோய்ப் பாயில் பரப்பினாள். போகும்போது யன்னலைச் சாத்திவிட்டுப் போனாள். மகாதேவி திறந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் தில்லைநாதன் வந்தான். ஆழ்வாப்பிள்ளையின் பெரிய வள்ளத்தை இப்போது அவன்தான் ஓட்டினான். வேலிக்கு வெளியே நின்று சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, ஓலைப்பையில் நாலு விளைமீனோடு உள்ளே வந்தான். ஆழ்வாப்பிள்ளை படுத்திருந்தார். இரத்தினம்மா தலைமாட்டில், பூரணம் வாங்கில். மகாதேவி எல்லோர் முன்னாலும் மிஸ்ஸி சொன்னதையே இன்னொருமுறை சொன்னாள். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. தில்லைநாதன் மீனை வைத்துவிட்டு நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து கேட்டான்.

"பெரியக்கா," என்றான் இரத்தினம்மாவைப் பார்த்து. "போன மாரி முழுக்க எங்கடை சின்ன வள்ளம் துறைக்குள்ளை சும்மா கட்டிக் கிடந்ததெல்லோ? பேந்து கரையிலை ஏத்திப் பாத்தால் அடி முழுக்கப் பாசி. சிப்பி வேறை. பெரிய வள்ளத்திலை ஏதும் இருந்ததோ? இல்லை. ஏன்? அது ஓடினது. ஓடுற வள்ளத்துக்குப் பாசி ஏறாது, கிடக்கிறதுக்குத்தான் ஏறும். மிஸ்ஸி அதைத்தான் ரத்தம் கட்டுறது எண்டு சொல்லியிருக்கிறா."

இரத்தினம்மா யோசித்தாள். பூரணமும் யோசித்தாள்.

"அப்பிடியெண்டால் அப்பிடிச் சொல்லுறதுதானே" என்றாள் இரத்தினம்மா மகாதேவியிடம்.

"அப்ப நான் வள்ளம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"ஓம் அண்ணை. மிசினிலை பாதியைக் கழட்டின வள்ளம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. விலாவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "சிரிக்கப் பண்ணாதையடா கண்டறியாதவனே. தையல் தெறிக்கும்."

"எழும்புங்கோ. ஒரு ஓட்டம் ஓடுவம்."

அவர் எழும்பினார். பூரணத்துக்கு முன்னால், இரத்தினம்மாவுக்கு முன்னால், தில்லைநாதனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு படலைவரை போனார். இரத்தினம்மா பின்னால் போர்வையோடு போனாள். மகாதேவி குசினிக்குள் போய் விளைமீனைக் கழுவினாள். அன்று கறிக்குப் புளி கூடிவிட்டது.

அதன்பிறகு அவர் நடப்பதை ஊர் ஏற்றுக்கொண்டது. அவர் துறைவரை போகத் தொடங்கினார். வலை உதறுகிறவர்கள் தூரத்திலேயே கேட்பார்கள்.

"சம்மாட்டியார், ஓட்டம் எப்பிடி?"

"காத்துக்கு எதிர். மெல்லத்தான்."

"பாசி?"

"விடமாட்டாள்" என்று வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்.

அவர் திரும்பி வரும்போது உதடுகளில் உப்பும் முகத்தில் கொஞ்சம் நிறமும் இருக்கும். ஒருநாள் வலைக் கண் இரண்டு பொத்தியதாகச் சொன்னார். மகாதேவி இரவில் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பதை விட்டாள். நித்திரை கொண்டாள்.

ஆனால் படலை கிறீச்சிட்டால் அவர் இன்னும் போய்ப் படுத்தார். அது வேறு. வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. அதைப் பாசியோடு சேர்த்து ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒழுங்கை முடிகிற தொங்கலில் ஒரு கலியாணம் வந்தது. மாப்பிள்ளை பகுதி வல்வெட்டித்துறை. வான்களிலும் கார்களிலும் சனம் வந்து இறங்கியது. வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஆழ்வாப்பிள்ளையைத் தெரியும். மற்றப் பாதி சொந்தம். கலியாண வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு நேரே இங்கே வந்தார்கள். காலையில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை வந்தார்கள். அடுத்த நாளும் வந்தார்கள். ஒரு கூட்டம் வாங்கில் இருக்க, மற்றக் கூட்டம் மாமரத்தின் கீழ் நின்றது. நோயாளிக்கு வசதியாக இருக்கட்டும் என்று இரத்தினம்மா முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தாள். கால்கள் மடங்கியபடி அவர் கிடந்தார். வெட்டிய இடத்தை எல்லோருக்கும் காட்டினார்.

மகாதேவி தேத்தண்ணி ஊற்றினாள். கேத்தில் அடுப்பை விட்டு இறங்கவில்லை. இரண்டு நாளும் விடியப்புற நடையும் விடுபட்டது. இடையில் இரண்டு தரம் வாசலில் வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். சபைக்கு நடுவே அந்த மனிதனை எழும்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சம்பந்தக்காரர் ஒருவர் அப்போது தன் தகப்பனின் சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் எழும்பவில்லை.

"இடது கெண்டைக்காலிலை ஒரு பிடிப்பு" என்றார். "ஊண்ட ஏலாமல் இருக்கு."

மகாதேவி சாரத்தை ஒதுக்கிப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கால் பருத்திருந்தது. தோல் இழுத்து மினுங்கியது. கை வைத்தால் சுட்டது. மற்றக் கால் எப்போதும்போல் மெலிந்து கிடந்தது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள்.

"காலிலை ஒரு பிடிப்புக்கோ?"

"போவம். மிஸ்ஸி சொன்னவா."

இரத்தினம்மாவும் வந்துவிட்டாள். தில்லைநாதன் கரையிலிருந்து நேரே வந்தான், சாரம் நனைந்தபடி. இரத்தினம்மா காலைத் தொட்டுப் பார்த்தாள். நடத்தினாய், அதுதான் என்று அவள் சொல்லுவாள் என்று மகாதேவி எதிர்பார்த்தாள். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"ரெண்டு நாள் கிடந்தான்" என்றாள். "ஏறிப்போச்சு."

"பாசிதான்" என்றான் தில்லைநாதன்.

"நான் கார் பிடிக்கச் சொல்லுறன்" என்றாள் மகாதேவி.

"பிடிப்பம் அக்கா. நான் போறன். ஆனால் ஊண்ட ஏலாத காலோடை அண்ணையை என்னெண்டு ஏத்துறது? ஒழுங்கைக்குள்ளை கார் வராது." அவன் காலைக் காட்டினான். "பாசி ஏறினால் என்ன செய்யிறனாங்கள்? சுரண்டி விடுறது. பெரியக்கா எண்ணெய் போட்டு ஒருக்கால் உருவிவிட்டால் கலைஞ்சுபோகும். நான் காரோடை வரேக்கை அண்ணை நடந்து வருவார்."

மகாதேவி அவரைப் பார்த்தாள். அவர் முகம் நோவில் சுருங்கியிருந்தது. "உருவி விடுங்கோவன் அக்கா" என்றார் தமக்கையிடம். "சரியாய்க் குத்துது."

மிஸ்ஸி உருவச் சொல்லவும் இல்லை, உருவக்கூடாது என்று சொல்லவும் இல்லை. வள்ளமும் பாசியும் என்ற அந்தக் கதைதான் மகாதேவியை ஊருக்கு முன்னால் சரியென்று ஆக்கியது. அவர் நடந்தது அந்தக் கதையால்தான். இப்போது அதை இல்லையென்று சொல்ல அவளிடம் வேறு கதை இருக்கவில்லை. அதோடு, கலைந்துபோனால் நல்லதுதானே.

அவள் குசினிக்குள் போய்க் கரண்டியில் வேப்பெண்ணெய் ஊற்றி, கற்பூரம் நொறுக்கிப் போட்டு, நெருப்பில் காட்டினாள். சூடு பதமாக இருக்கிறதா என்று தன் புறங்கையில் தொட்டுப் பார்த்துக் கொண்டுவந்தாள்.

இரத்தினம்மா தம்பியின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைகள் வேலை தெரிந்த கைகள். கணுக்காலில் தொடங்கி, பெருவிரலால் அமர்த்தி, கெண்டைக்காலின் நடுவால் மேலே உருவினாள். இடைக்கிடை நின்று எண்ணெய் தொட்டாள். முதலில் அவர் பல்லைக் கடித்தார். பிறகு முகம் இளகியது.

"நல்லாயிருக்கோ?"

"ஓம் அக்கா. குத்துக் குறையுது."

"சின்னனிலை கிளிஞ்சல் வெட்டிக்கொண்டு வருவாய். இந்தக் கால்தான். ஒரு இடத்திலை கிடக்காத கால்."

"நீங்கள் அடிச்சதும் இந்தக் காலிலைதான்."

"அடிக்காமல் வளருமோ?"

மகாதேவிக்கும் சிரிப்பு வந்தது. அவள் அலுமாரியிலிருந்து அவருடைய வெள்ளைச் சேட்டை எடுத்தாள். ஒழுங்கை முகப்பில் காரின் கோண் சத்தம் கேட்டது.

"வந்திட்டான். எழும்புங்கோ."

அவர் காலை நிலத்தில் ஊன்றினார். ஊன்ற முடிந்தது. "பாத்தியளோ" என்று தமக்கையைப் பார்த்துச் சொன்னார். ஒரு கையைச் சேட்டுக்குள் விட்டார். மற்றக் கையை விடும்போது நிறுத்தினார். எதையோ ஞாபகப்படுத்துகிறவர் போல நின்றார். பிறகு வாயைத் திறந்து காற்றை இழுத்தார். காற்று போதவில்லை. இன்னொருமுறை இழுத்தார். நெற்றி வியர்த்தது, உதடு நீலமாகியது. மகாதேவி பிடிக்க முதல் கட்டிலின் விளிம்பில் சரிந்துவிட்டார்.

தில்லைநாதன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் ஓடினான். சேட்டின் ஒரு கை நிலத்தில் இழுபட்டது.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் இருவரும் விறாந்தை வாங்கில் இருந்தார்கள். தில்லைநாதனைக் காரோடு ஊருக்கு அனுப்பினாள் மகாதேவி, கோயிலில் ஒரு அருச்சனைக்குச் சொல்லிவிட்டு. வெகுநேரம் கழித்து ஒரு டாக்டர் வந்தார். இளம் ஆள். மகாதேவியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கால் எப்ப வீங்கினது?"

"இண்டைக்குக் காலமை கண்டது ஐயா."

"கால் முழுக்க எண்ணெய். உருவினனீங்களோ?"

"ஓம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலிலை கட்டியிருந்த ரத்தம் கழண்டு போய்ச் சுவாசப்பையை அடைச்சிருக்கு. தானாயும் கழண்டிருக்கலாம். அது வாற வருத்தம்தான். ஆனால் வீங்கின காலை உருவக்கூடாது அம்மா."

"ஆள் தப்புமோ?"

"முழுக்க அடைக்கேல்லை. அதாலைதான் இஞ்சை வந்து சேர்ந்தார். ரத்தத்தை இளக்கிற மருந்து ஏத்துறம். மிச்சமும் கழலாமல் இருக்கவேணும். நான் சொல்லுமட்டும் அந்தாள் கட்டிலிலை அசையப்படாது. எழும்பவும் விடாதேங்கோ."

நடத்தச் சொன்னார்கள், இப்போது அசையக்கூடாது என்கிறார்கள். இரண்டும் சரியாகத்தான் இருக்கும் என்று மகாதேவி நினைத்தாள். வெளியே வந்தாள். இரத்தினம்மா வாங்கிலேயே இருந்தாள். கைகளை மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். கழுவவில்லை. கற்பூர மணம் அடித்தது.

"என்னவாம்?"

"உயிர் இருக்கு. மருந்து ஏத்துகினம். அசையப்படாதாம். எழும்பவும் விடவேண்டாமாம்."

நான் அப்பவே படுக்க விடு என்று சொன்னனான் என்ற பேச்சு இப்போது வரும் என்று நின்றாள் மகாதேவி. வரவில்லை.

"ஏன் வந்ததாம்?" என்று கேட்டாள் இரத்தினம்மா.

தாதி ஒருத்தி பீங்கான் தட்டோடு கடந்து போனாள். மகாதேவி அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். பொய் சொல்ல நேரம் இருந்தது. கொழும்பில் வெட்டினதால் வந்தது என்று சொல்லலாம். இரத்தினம்மா நம்புவாள். அப்புறம் நாளைக்கும் மறுநாளைக்கும் இந்தக் கைகளோடு வார்ட்டுக்குள் போய், தம்பியின் கால் வீங்கிக் கிடப்பதைப் பார்ப்பாள், திரும்பவும் உருவுவாள்.

மகாதேவி அவளுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தாள்.

"வள்ளத்திலை பாசி வெளிப்பக்கம் மச்சாள். சுரண்டினால் தண்ணியோடை போயிடும்."

"ஓம்."

"இவருக்கு உள்ளுக்கை."

இரத்தினம்மா அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கைகளைக் கவிழ்த்து முழங்காலில் வைத்தாள்.

"எண்ணெய் காய்ச்சித் தந்தது நான்" என்றாள் மகாதேவி.

"உருவினது நான்."

"நான்தானே கொண்டுவந்தனான்."

"நீ சும்மா இரு பிள்ளை."

பின்னேரம்போல இரத்தினம்மா எழுந்துபோய்ப் பைப்படியில் கையைக் கழுவினாள். சவர்க்காரம் இல்லை. மண்ணைத் தொட்டுத் தேய்த்தாள்.

இரண்டு நாள் போனது. ஆழ்வாப்பிள்ளையின் மூச்சு சீலை கிழிவதுபோல வந்தது. பிறகு கொஞ்சம் இறங்கியது. தப்பிவிட்டார் என்று டாக்டர் சொல்லவில்லை. நேற்றைவிட நல்லம் என்றார். மூக்கில் குழாய், கையில் ஊசி. கால் தலையணையின்மேல் நீட்டிக் கிடந்தது.

ஆட்கள் பார்க்கிற நேரத்துக்கு மணி அடித்ததும் ஊர் வந்தது. ஒரு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். வார்ட்டின் நடுவழி நிறைந்தது. தோடம்பழங்கள் சின்ன அலுமாரியின்மேல் குவிந்தன. பூரணம் முன்னுக்கு வந்தாள்.

"எழும்பாதை ராசா, கிட" என்றாள். ஆழ்வாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவர் எழும்பப் போகவில்லை.

"நல்லா நடந்த மனிசன்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "கொஞ்சம் கூட நடத்திப்போட்டினமோ தெரியாது."

"அப்பிடித்தான் கதைக்கினம்" என்றது இன்னொரு குரல்.

மகாதேவி தலைமாட்டில் நின்றாள். கேட்டது. அவள் குழாயைச் சரிசெய்தாள். சொல்லட்டும் என்று விட்டாள்.

தில்லைநாதன் சனத்துக்குள்ளால் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். கண் சிவந்திருந்தது. குனிந்து, வீங்கிய காலை இரண்டு கையாலும் பிடிக்கப் போனான்.

இரத்தினம்மா அவன் மணிக்கட்டில் அடித்தாள். பளீரென்று கேட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கையை எடு."

"ஏன் பெரியக்கா? சும்மா பிடிச்சுப் பாக்கத்தானே."

"நான் உருவினதே போதும்."

இரத்தினம்மா சனத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"நடந்ததாலை இல்லை. உவள் நடத்தினபடியால்தான் இவ்வளவு நாளும் இருந்தவன். நாங்கள் வந்து வந்து அவனைப் படுக்க வைச்சம். நான் காலைப் பிடிச்சு உருவினனான். அதுதான் நெஞ்சுக்கு ஏறினது. டாக்குத்தர் சொன்னவர். கேட்டியோ பூரணம்? ஐஸ் லொறிக்காரனுக்கும் சொல்லு."

பூரணம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தில்லைநாதன் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்றான்.

"அக்கா" என்றார் ஆழ்வாப்பிள்ளை, குழாய்க்குள்ளால். தமக்கையின் பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தார்.

"நீ அசையாதை."

அவர் அசையவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக, தொடாமல், தூர நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.